ஊதியம் பெறாத வேலை குறித்துச் சில யோசனைகள்

எழுதுகிறவனுக்குச் சன்மானம் தருவதில்லை என்பது நம் சிறுபத்திரிகைகளின் பழக்கம், கொஞ்சம் பெருமையும்கூட. அச்சுக்கூலி உண்டு, காகிதத்துக்கு விலை உண்டு, தபால் தலைக்குக் காசு உண்டு. கவிதைக்கு மட்டும் இல்லை. இதுபற்றி யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. விலை வைக்கப்படாததாலேயே இக்காரியம் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருந்துவருகிறது. இந்த நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. பகல் முழுவதும் வங்கிக் கவுண்டரில் மற்றவர்களின் பணத்தை எண்ணிவிட்டு வருகிறவனுக்கு, எண்ண வேண்டியிராத ஒரு காரியம் இரவில் காத்திருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் இந்த நியாயத்தை அப்படியே எடுத்து, நான் வசிக்கும் ஊரின் இன்னொரு வேலைமீது வைத்துப் பார்க்கும்போது அது தலைகீழாக இயங்குகிறது. ஊதியம் இல்லாமல் செய்யப்படுவதால் ஒரு வேலை மேன்மை பெறுகிறது என்றால், நெய்வேலி நகரியத்தில் ஏதோவொரு வட்டத்தில், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, எட்டரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ்களை நிரப்பி, மாமியாருக்கு இன்சுலின் போட்டு, பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடும் ஆசிரியையின் வேலைதான் நம்மிடையே மிக மேன்மையானதாகக் கருதப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கருதப்படுவதாகத் தெரியவில்லை. எங்களுடைய சம்பளமின்மை எங்களுக்கு ஒரு கௌரவத்தைத் தருகிறது. அவளுடைய சம்பளமின்மை அவள் செய்ததையே இல்லாததாக்குகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

நெய்வேலியை இதற்கு நான் தேர்ந்தெடுக்கவில்லை; இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த ஊர் இக்கேள்விக்கு ஒருவிதத்தில் தோதானது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, அடுத்த வருஷம் சுரங்கம் வெட்டத் தொடங்கி, வெறும் செம்மண் காட்டில் காகிதத்தில் கோடு போட்டு எழுப்பிய ஊர் இது. எல்லாம் யோசித்துக் கட்டப்பட்டது. வட்டம் வட்டமாகக் குடியிருப்பு, வட்டத்துக்குப் பள்ளி, கடைத்தெரு, ஆஸ்பத்திரி, நிழலுக்கு மரம். மூன்று ஷிப்டு வேலை செய்யும் ஓர் ஆண், அவனுக்கு எந்நேரமும் சோறு போட வீட்டிலிருக்கும் ஒரு பெண் என்ற கணக்கு அந்த வரைபடத்துக்குள் மௌனமாக இருந்தது. கணவனுக்கு இந்த வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் இரவு என்றால், சமையலறைக்கும் ஷிப்டு மாறும். இரவு ஷிப்டு முடித்துவந்தவன் பகலில் தூங்க, வீடு சத்தம் போடாமல் இருக்க வேண்டும். சத்தமில்லாமல் இருப்பதையும் யாராவது உற்பத்தி செய்தாக வேண்டும். இக்கணக்கினுள்ளே அந்தப் பெண்ணும் பி.எட். முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியபோது வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. அவளுடைய நாள்தான் திருத்தப்பட்டது.

பெண்ணுக்கு ஏற்ற வேலை ஆசிரியை வேலை என்று நம் குடும்பங்களில் சொல்வார்கள். பெண்ணுக்குக் குழந்தைகளிடம் இயல்பான பிரியம், இத்யாதி. உண்மைக் காரணத்தை மணமகன் வீட்டார்தான் கூச்சமில்லாமல் சொல்வார்கள்: நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், சனி ஞாயிறு உண்டு, மே மாசம் உண்டு. அதாவது, இன்னொரு முழுநேர வேலைக்கு இடம்விட்டுத் தருகிற வேலை. சம்பளம் உள்ள வேலையே சம்பளம் இல்லாத வேலையின் சௌகரியத்தை அனுசரித்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதில் எது உத்தியோகம், எது இடைவேளை என்பது எனக்கு விளங்கவில்லை.

தத்துவார்த்தமாக, ஆசிரியையின் ஸ்திதி ஒரு சோதனைச்சாலை மாதிரி. வீட்டு வேலைக்கு, குறிப்பாகப் பராமரிப்புக்கு, கூலி பேசக்கூடாது என்பவர்கள் வைக்கும் வாதம் நமக்குத் தெரிந்ததே: அன்பினால் செய்யப்படுவது அது, காசு நடுவில் வந்தால் கறைபட்டுவிடும். சரி. ஒன்பதரை மணிக்கு முப்பத்தைந்து குழந்தைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தருகிறாள். மூக்கைத் துடைத்துவிடுகிறாள். வாந்தி எடுத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொள்கிறாள். இதற்குச் சம்பளம், அகவிலைப்படி, பணிப் பதிவேடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மாலை ஆறு மணிக்கு அதே பின்னக் கணக்கைத் தன் மகனுக்குச் சொல்லித்தருகிறாள். வேலை ஒன்றுதான், செய்பவளும் ஒருத்திதான், சாக்பீஸ் தூள்கூடக் கையிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. காலையில் வாங்கிய சம்பளம் காலையின் பிரியத்தைக் கறைப்படுத்தவில்லையே. பொதுத்தேர்வு விடைத்தாளை ஒன்றுக்கு இத்தனை என்று காசு வாங்கித் திருத்துகிற ஆசிரியை, காசு வாங்குவதால் அசிரத்தையாகத் திருத்துகிறாள் என்று யாரும் குற்றம் சாட்டியதில்லை. ஆகவே, கூலி சேருவதும் சேராததும் அந்த வேலையின் சுபாவத்தைப் பொறுத்தது என்பது நிற்காது. அது எந்தக் கதவுக்குள் நடக்கிறது என்பதைத்தான் பொறுத்திருக்கிறது.

இனி, கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்ப்பது. வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்கிறாள். பாத்திரம் தேய்க்க, வீடு பெருக்க, சில வீடுகளில் கிழவரைப் பார்த்துக்கொள்ள. அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம், பிள்ளையைக் கொண்டுவிடும் ஆட்டோவுக்குக் கொடுப்பது, குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டுவது எல்லாம் யாருடைய கணக்கில் பற்று வைக்கப்படுகின்றன? அனேகமாக எப்போதும் மனைவியின் சம்பளத்தில். ‘இதெல்லாம் போக உன் சம்பளத்தில் என்னதான் மிச்சம்?’ என்ற கேள்வியைக் கணவன்மார்கள் என் கவுண்டருக்கு எதிரிலேயே கேட்கக் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. கணக்கு அப்படித்தான் படிந்திருக்கிறது. வேலைக்கு வருகிற பெண் மனைவிக்குப் பதில் வருகிறாள், கணவனுக்குப் பதில் வரவில்லை என்ற துணிபு அதில் இருக்கிறது. வங்கியில் ஒரு செலவைத் தவறான கணக்கில் எழுதினால் அன்று மாலையே பேரேடு காட்டிக்கொடுத்துவிடும். குடும்பத்தில் ஒரு தலைமுறை தாண்டியும் காட்டிக்கொடுப்பதில்லை.

வேலைக்கு வருகிற அந்தப் பெண் பெரும்பாலும் நகரியத்துக்கு வெளியே இருந்து, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களிலிருந்து வருகிறாள். அவள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றால், அவளுடைய மூத்த பெண். அந்தப் பெண் ஏதோவொரு வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் தூங்கி வழிகிறாள். அவளுடைய பெயருக்கு நேரே ‘கவனக்குறைவு’ என்று ஓர் ஆசிரியை எழுதுகிறாள். வேலை எங்கும் தீர்ந்துபோவதில்லை. ஏழ்மை அதிகமாக உள்ள பக்கம் நகர்கிறது.

சட்டமும் அரசாங்கமும் இதைக் கவனித்ததே இல்லை என்று சொல்லமுடியாது. கவனித்த விதம்தான் விசித்திரம். நம்முடையதைப் போலவே இன்னொரு கம்பெனி ஊர் ஜாம்ஷெட்பூர். அங்கே 1989 மார்ச் 3 அன்று, டாடா உருக்கு நிறுவனத்தின் நிறுவனர் நாள் விழாப் பந்தல் தீப்பற்றி அறுபது பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நஷ்டஈட்டு வழக்கு உச்சநீதிமன்றம் போய் 2001-இல் தீர்ப்பானது. சம்பாதிக்காத இல்லத்தரசியின் வேலைக்கு மாசம் மூவாயிரம் ரூபாய் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அவள் உயிரோடு இருந்தவரை அந்த மூவாயிரம் எந்தக் கணக்கிலும் இல்லை. எரிந்த பிறகே அவளுக்கு விலை தெரிந்தது. அப்படி இறந்தவள் ஆசிரியையாக இருந்தால் அவளுடைய சம்பளச் சீட்டை வைத்துக் கணக்குப் போடுவதே வழக்கம். செத்தும் அவளுடைய சமையலறை கணக்கில் வராது.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு அளித்தார். கணவன் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலைபார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு. அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவன் வெளியே சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்பு. நான் இதுவரை சொல்ல முயல்வதை ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கிவைத்தது. மாசம் ஆயிரம். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டதும், வீட்டில் பெண் செய்யும் வேலைக்கான அங்கீகாரம் இது என்று விளக்கியதும் சாதாரண விஷயங்கள் அல்ல. ஆனால் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, அரசு ஊழியர் குடும்பமாக இருக்கக்கூடாது என்றெல்லாம் விதிகள். வறுமை நிவாரணம் என்று பார்த்தால் விதிகள் முற்றிலும் நியாயம். ஆசிரியைக்கு அந்த ஆயிரம் தேவையுமில்லை. உழைப்புக்கான அங்கீகாரம் என்று பார்த்தால் குழப்பம். வெளியே சம்பாதிப்பவள் உள்ளே செய்வது உழைப்பில்லை என்று ஆகிறது. பெயர் ஒரு தத்துவத்திலிருந்தும் விதி வேறொரு தத்துவத்திலிருந்தும் வந்திருக்கின்றன. நஷ்டஈடு, சொத்துப் பங்கு, உரிமைத் தொகை மூன்றுமே ‘ஒன்றும் சம்பாதிக்காதவள்’ என்கிற உருவத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசுகின்றன. இரண்டு வேலையும் செய்பவள் இவற்றுக்கு நடுவே விழுந்துவிடுகிறாள்.

ஹன்னா ஆரெண்ட் 1958-இல் வெளிவந்த தன் நூலில் உழைப்பையும் படைப்பையும் பிரிக்கிறார். உழைப்பு உடம்பின் தேவையோடு சேர்ந்து சுழல்வது, எதையும் மிச்சம் வைக்காதது. படைப்பு உலகத்தில் ஒரு பொருளை நிறுத்திவிட்டுப் போவது. ஒன்பது வருஷம் முன்பு பெவ்வாரும் வீட்டு வேலையைச் சிசிபஸின் கல்லோடு ஒப்பிட்டிருந்தார். இருவரையும் கல்லூரிக் காலத்தில் பரவசத்தோடு படித்தவன் நான். இப்போது எனக்கு அந்தப் பிரிவினையில் சந்தேகம் வருகிறது. நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. மேல்மண்ணை எடுக்க எடுக்க, கீழிருக்கும் நீர் சுரங்கத்தின் தரையை முட்டிப் பிளக்கப் பார்க்கும். அதனால் இரவு பகலாக இராட்சச மோட்டார்கள் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இறைப்பில் ஒரு பிடி நிலக்கரிகூட வெளியே வருவதில்லை. நேற்று இறைத்தது இன்றைக்கு உதவாது. ஆரெண்டின் அர்த்தத்தில் அது வெறும் உழைப்பு, எதையும் மிச்சம் வைக்காதது. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அது நிலக்கரியின் அடக்கவிலையில் சேர்க்கப்படுகிறது. இறைப்பு நின்றால் சுரங்கம் இல்லை என்று எந்தக் கணக்காளருக்கும் தெரியும். ஒன்றையும் உண்டாக்காமல், உண்டாவதைச் சாத்தியமாக்குகிற வேலையை விலையில் சேர்க்க முடியாது என்பது பொய். முதலாளித்துவம் அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறது. குடும்பம்தான் செய்யமாட்டேன் என்கிறது.

நம் இலக்கியக் குடும்பமும் அப்படித்தான். மனைவியின் நகையை அடகுவைத்துப் பத்திரிகை நடத்திய சரித்திரங்கள் நம் வட்டாரத்தில் வீரகதைகளாகச் சொல்லப்படுகின்றன. நகைக்கடன் பிரிவில் சில வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இக்கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. அடகுவைத்த நகை பிறகு யாருடைய சம்பளத்தில் மீட்கப்பட்டது என்ற தகவல் எந்தக் கதையிலும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் இருத்தலியம் பேசினோம். நான்கு தடவை டீ வந்தது. கூட்டக் குறிப்பில் டீ இடம்பெறவில்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் பாராட்டிப் பேசிய கூட்டத்திலும் டீ வந்தது.

என் ஆரம்பக் கேள்விக்கு இனி வருகிறேன். சம்பளம் வாங்காமல் நான் எழுதும் கட்டுரைக்கும் சம்பளம் வாங்காமல் அவள் வடிக்கும் சோற்றுக்கும் என்ன வித்தியாசம்? பெயர் ஒன்று: என் கட்டுரையின் தலையில் என் பெயர் இருக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமானது, நான் நிறுத்தலாம். இந்த இதழுக்கு நான் எழுதித் தராவிட்டால் இதழ் இரண்டு மாசம் தாமதமாகும். எப்படியும் தாமதமாகும் இதழ்தான். அவளால் இன்றைய இரவுச் சோற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்க முடியாது.

2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை, சட்ட உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமையும் இல்லை என்றது. ‘தார்மீக’ என்ற அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட ஆசிரியைகள் இங்கேயும் இருக்கிறார்கள். வேலையை இழக்கத் துணிந்தவர்கள், கொடிபிடித்துக் கைதாகத் துணிந்தவர்கள். அந்த நாட்களில் வீட்டில் உலை வைத்தீர்களா என்று ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்தார். ‘ஸ்ட்ரைக் நாள்லதான் கொஞ்சம் நிதானமா சமைச்சேன் சார்’ என்றார். எந்தச் சட்டமும் அத்தியாவசியப் பணி என்று அறிவிக்காமலேயே அத்தியாவசியமாக நடக்கும் பணி அதுதான். ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று ஏறக்குறைய தொண்ணூறு சதவீதப் பெண்கள் அலுவலகத்தையும் அடுப்பையும் ஒரே நாளில் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு நாள். அதற்கே ஒரு தேசம் திண்டாடியது.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். அவர் ஆட்சேபணை வலுவானது என்பதால் சொல்கிறேன். மறுக்க முடியாமை என்பது பராமரிப்பின் சுபாவமே அல்லவா? பசித்தழும் குழந்தையிடம் நான் இன்று விடுப்பில் இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? அந்தக் கட்டாயத்தை அநீதி என்றால் குழந்தையைத்தான் குற்றவாளி ஆக்க வேண்டியிருக்கும் என்றார். உண்மை. அழுகை ஒரு கட்டளைதான். அதற்குக் கீழ்ப்படிவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அழுகைக்கு முகவரி கிடையாது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது சத்தம் கட்டிலின் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் கேட்கிறது. அதில் ஒருவருடைய பெயரை எழுதிவைத்தது குழந்தை அல்ல. பராமரிப்பின் கட்டாயம் இயற்கையாக இருக்கலாம். அதன் விலாசம் மனிதர்கள் எழுதியது.

எழுதிய கையை மொழியில் பார்க்கலாம். ‘நான் வீட்டு வேலையில் மனைவிக்கு உதவுகிறேன்’ என்று நம்மில் முற்போக்கானவர்கள் சொல்கிறார்கள். உதவி என்பது கடமையில்லாதவன் செய்வது. குறளின் செய்ந்நன்றி அறிதலே, முன்னால் எதையும் பெற்றுக்கொள்ளாதவன் செய்யும் உதவியைத்தானே உச்சத்தில் வைக்கிறது. தினமும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அதற்குப் பாத்திரம் கழுவுவதை உதவி என்று எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லைச் சொன்ன கணமே வேலை அவளுடையது என்று பட்டா எழுதிக் கொடுத்தாயிற்று. கூடவே நன்றிக்கும் உரிமை கோரியாயிற்று. இல்லாள் என்ற சொல்லுக்கு ஆண்பால் தேடினால் இல்லான் என்று வருகிறது, ஒன்றுமில்லாதவன் என்ற பொருளில். மொழிக்கே வீட்டில் ஓர் ஆணை வைக்கத் தெரியவில்லை.

புள்ளிவிவரம் வேண்டுபவர்களுக்கு: மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2019-இல், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024-இல் 289-ம் 88-ம். பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அதை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை, அவனுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. மிக்ஸியோ வாஷிங் மெஷினோ ஓட்டல் பார்சலோ எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த நிமிடங்களால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. பால் கணக்கு, காஸ் புக்கிங், மாமனாரின் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம், நாளை மகனுக்கு வெள்ளைச் சட்டை நாளா இல்லையா. இவற்றைச் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும். நினைவில் வைத்திருக்க நாள் முழுவதும் வேண்டும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது உள்ளே ஓடுகிறது.

இங்கிருந்து கவிதை எழுதிக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். சில கவிதைகள் நம்மைப் போன்ற பத்திரிகைகளில் வந்தன, நல்ல கவிதைகள். பிறகு நின்றுபோயிற்று. நேரமில்லையா என்று கேட்டதற்கு, ‘நேரம் இருக்கு. துண்டு துண்டா இருக்கு’ என்றார். வர்ஜீனியா உல்ஃப் 1929-இல் பெண் எழுதுவதற்கு வருஷம் ஐநூறு பவுண்டும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கேட்டார். இவரிடம் சம்பளம் இருக்கிறது, குவார்ட்டர்ஸில் பின்னறையும் இருக்கிறது, தாழ்ப்பாளும் சரியாகவே விழுகிறது. வாசலில் மணி அடித்தால் எழுந்துபோவது யார் என்பதை உல்ஃப் கேட்ட இரண்டும் தீர்மானிப்பதில்லை. நம் தேர்வுத் தொகுப்புகளில் பெண்கள் ஏன் குறைவு என்று ஆராயும் கட்டுரைகள் சொல்லாட்சி பற்றியும் அனுபவ வட்டம் பற்றியும் நிறையப் பேசுகின்றன. மணி அடித்தது பற்றி ஒரு வரி இல்லை.

கூலி கொடுத்துவிட்டால் தீருமா? 1972-இல் இத்தாலியில் தொடங்கி வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்ட பெண்கள், ரூபாய் நயா பைசாவுக்காக மட்டும் கேட்கவில்லை. கூலி என்று பேர் வைத்தால்தான் வேண்டாம் என்று மறுக்க முடியும் என்பது அவர்களுடைய உள்நோக்கம். அது எனக்குச் சம்மதம். ஆனால் என் ஊர் ஆசிரியையிடம் பணம் இருக்கிறது. பணத்தால் வாங்கமுடியாத ஒன்றையே அவள் இழந்திருக்கிறாள். பால் கணக்கை இன்னொருவர் மனசில் வைத்திருக்க வேண்டும், அவள் சொல்லாமலே. நூறு ரூபாய் கொடுத்து இதை யாரிடமும் வாங்க முடியாது.

போன மே மாசம் ஓர் ஆசிரியையின் பணி நிறைவுப் பாராட்டு விழாவுக்கு வங்கி சார்பில் போயிருந்தேன். ஓய்வுபெறுகிறவர்களின் பணம் வேறு வங்கிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. சந்தன மாலை, சால்வை, வெள்ளிக் குத்துவிளக்கு. பேசியவர்களில் ஒருவர், முப்பத்துநான்கு வருஷம் உழைத்தது போதும், அம்மையார் இனி ஓய்வாகக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். விழா முடிந்ததும் வைப்புநிதிப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அவர் ஊரில் இருக்கமாட்டார். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம். மகளும் வேலைக்குப் போகிறாள்.